புல்லுக்கு நடுவே பட்டினி

கேள்வி:

டொக்டர், நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. தரம் 5 படிக்கும் என் மகளுக்குச் சென்ற ஆண்டு ஒரு வெள்ளை முயல் வாங்கிக் கொடுத்தோம். பெயர் பஞ்சு. இப்போது ஒன்றரை வயது, 2 கிலோ இருக்கும். காலையில் கோழித்தீன் அரைச் சுண்டு, மாலையில் கரட்டும் கோவா இலையும் கொடுக்கிறோம். மகள் பாண், பிஸ்கட் சாப்பிடும்போது அதற்கும் பங்கு உண்டு. தண்ணீர் வைப்பதில்லை, முயலுக்குத் தண்ணீர் ஆகாது என்று மாமியார் சொல்கிறார். ஒரு மாதமாக அதன் பின்பக்கத்தில் கறுப்பாக, பிசுபிசுவென்று, நாற்றத்துடன் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் புழுக்கையை அதுவே தின்பதையும் மகள் பார்த்துவிட்டாள். போன கிழமை ஒரு நாள் முழுக்க எதையும் தொடாமல் மூலையில் குந்தியிருந்தது. மகளுக்கு வாங்கிய அமொக்சிசிலின் பாணி மிச்சம் இருந்தது. அதைக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மறுநாள் விடியத் தானாகவே தின்னத் தொடங்கிவிட்டது. பூச்சி மருந்து கொடுக்க வேண்டுமா? என்ன சத்து மருந்து நல்லது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்த அமொக்சிசிலின் போத்தலை வீசிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கரைத்த பாணி ஒன்றிரண்டு கிழமைக்கு மேல் பிள்ளைக்கே உதவாது. பஞ்சுவுக்கோ அது நஞ்சு. நீங்கள் யோசித்துக்கொண்டிருந்த அந்த இரவுதான் அதைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்வேன். முயல் தின்னும் புல்லைச் செரிக்கவைப்பது அதன் குடலில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அமொக்சிசிலின், அம்பிசிலின் போன்ற பெனிசிலின் குடும்பத்து மருந்துகளை வாய்வழியே கொடுத்தால் அந்த நல்ல கூட்டம் அழிந்துபோகும். காலியான இடத்தைக் குளொஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பிடித்துக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். சில நாட்களில் கழிச்சல், அதன்பிறகு பெரும்பாலும் மரணம். கிளிண்டமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும் இதே பட்டியல்தான். முயலுக்குப் பொருந்துகிற நுண்ணுயிர்க்கொல்லிகள் வேறு இருக்கின்றன. அவற்றை மிருக வைத்தியர் எடை பார்த்துத் தருவார். நாய்க்குத் தெள்ளுக்காக முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டும் முயலுக்கு ஆகாது. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாயும் முயலும் இருக்கும் வீடுகளில் நடக்கிற தவறு என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இனி, மகள் பார்த்து முகம் சுளித்த விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் லயத்துப் பக்கம் யாராவது பசு வளர்ப்பார்கள். பசு புல்லை அவசரமாக விழுங்கிவிட்டு, பிறகு படுத்துக்கொண்டு அதை வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். அதன் நொதிப்புத் தொட்டி வயிற்றின் முன்பக்கத்தில், சிறுகுடலுக்கு முன்னால் இருக்கிறது. முயலுக்கு அந்தத் தொட்டி பின்னால் அமைந்துவிட்டது. குருட்டுக்குடல் என்பது அதன் பெயர். மனிதருக்குச் சிறு பையாகச் சுருங்கிப்போன இந்த உறுப்பு முயலின் வயிற்றுக்குள் பெரிய சுருளாகக் கிடக்கிறது. உணவுப் பாதையில் உள்ள பொருளில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு இதற்குள்தான். ஒரு சிக்கல் என்னவென்றால், இங்கே சத்து உண்டாகும்போது அதை உறிஞ்ச வேண்டிய சிறுகுடல் என்கிற தரிப்பிடத்தைத் தாண்டியாயிற்று. ஆகவே அந்தச் சரக்கு இன்னொரு சுற்று வர வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும், சளிப்படலம் போர்த்த மென்மையான சிறு உருண்டைகள், திராட்சைக் கொத்தைப் போல ஒன்றோடொன்று ஒட்டியபடி வெளிவரும். முயல் குனிந்து அவற்றை நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். புரதமும் பி வகை விட்டமின்களும் நிறைந்த உணவு அது. மாடு செய்வதைத்தான் முயலும் செய்கிறது, வழிதான் வேறு. மகளிடம் இதைச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இப்படியான செய்திகளைப் பெரியவர்களைவிட நன்றாக ஏற்றுக்கொள்வார்கள்.

நீங்கள் கூட்டில் பார்க்கும் உலர்ந்த உருண்டைப் புழுக்கை வேறு. நாளைக்குக் காலை ஒன்றை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள், அருவருப்பு வேண்டாம், அதில் நாற்றமே இருக்காது. ஆரோக்கியமான முயலின் புழுக்கை கடலை அளவில், மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும். நசுக்கினால் மரத்தூளைப் போல உதிரும், உள்ளே புல்லின் நார்த்துணுக்குகள் தெரியும். நல்ல முயல் நாளொன்றுக்கு 200 முதல் 300 வரை போடும். பஞ்சுவின் புழுக்கை சிறியதாக, கருத்து, கல்லைப் போல இறுகியிருக்கும் என்பது என் ஊகம். நார் போகாத குடலில் அப்படித்தான் வரும்.

அப்படியானால் பின்பக்கத்தில் ஒட்டியிருப்பது என்ன? அதுவும் அந்த இரவு உருண்டைதான், கெட்டுப்போன வடிவத்தில். கழிச்சல் என்று நினைத்து நீங்கள் பயந்திருப்பீர்கள். உண்மையான கழிச்சல் என்றால் உலர்ந்த புழுக்கையே வராது, முயல் ஒரு மாதம் தாக்குப் பிடித்திருக்கவும் முடியாது. கோழித்தீனிலும் பாணிலும் பிஸ்கட்டிலும் இருப்பது மாச்சத்தும் சீனியும். அவை அளவுக்கு மீறிக் குருட்டுக்குடலுக்குள் போனால் அங்கே புளிப்பு நிலை மாறி, வேண்டாத கிருமிகள் பெருகி, உருண்டை கட்டவேண்டிய பொருள் களியாகிவிடும். களியை முயல் தின்னாது. அது உரோமத்தில் ஒட்டி, நாறி, பிறகு ஈயை அழைக்கும். ஈ முட்டையிட்டால் ஒன்றிரண்டு நாளில் புழு நெளியும். அந்தப் புழு உயிருள்ள தோலையே தின்னும். ஆகவே தினம் இருமுறை பின்பக்கத்தைப் பாருங்கள். குளிப்பாட்ட வேண்டாம், நனைந்த முயல் நம் குளிரில் விறைத்துவிடும். இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஊறவைத்துத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். முடி சிக்குப் பிடித்து இறுகியிருந்தால் கத்தரிக்கோலை நீங்கள் எடுக்காதீர்கள். முயலின் தோல் காகிதம் போன்றது.

கோழித்தீனைப் பற்றி இன்னும் ஒன்று. நம் பக்கத்தில் முயல் தீன் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் பலரும் இதையே கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாச்சத்து மட்டுமே அதன் குற்றம் இல்லை. கோழிகளின் இரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் கலக்கப்படும் மருந்துகளில் சில முயலுக்கு நஞ்சு. போதாக்குறைக்கு மாவைப் பல்லால் அரைக்க வேண்டியதே இல்லை. முயலின் முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளர்ந்துகொண்டே இருக்கும், கடைவாய்ப் பற்களும் நிற்காமல் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். தேயாத கடைவாய்ப்பல் கூர்முனையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். முயல் பசியோடு உணவை எடுக்கும், வலியில் கீழே போடும். பஞ்சுவின் தாடை நனைந்திருக்கிறதா, எடுத்த இலையை நழுவவிடுகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் உணவை மாற்றுவது மட்டும் போதாது, வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

என்ன கொடுப்பது? சத்து மருந்து கேட்டிருந்தீர்கள். என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: புல். அதுவும் கொஞ்சமாக அல்ல. பஞ்சு தின்னும் மொத்த உணவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். தினமும் அதன் உடம்பளவு குவியல் ஒன்று, இரவும் பகலும் முன்னால் கிடக்கட்டும். கைப்பேசியில் தேடியிருந்தால் டிமதி புல் என்று படித்திருப்பீர்கள். கொழும்புக் கடைகளில் அது இறக்குமதிப் பொதியாக வருகிறது. விலையைக் கேட்டால் பசு வாங்கிவிடலாம் போலத் தோன்றும். மழையும் குளிரும் உள்ள மலைநாட்டில், வாசற்படியைத் தாண்டினால் புல் முளைக்கும் ஊரில் இருந்துகொண்டு அதற்காக ஏங்க வேண்டியதில்லை. டிமதியைக் காயவைத்துக் கொடுப்பது ஆறு மாதம் பனி மூடும் நாடுகளின் தேவை. பச்சைப் புல்லில் இருப்பதும் அதே நார்தான். ஹோர்ட்டன் சமவெளியில் அந்தி நேரத்தில் காட்டு முயல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை புல்வெளியை மேய்ந்தே வாழ்கின்றன. அது பஞ்சுவின் இனம் இல்லை, தூரத்து உறவு. ஆனால் வயிற்று ஏற்பாடு இரண்டுக்கும் பெரிதாக வேறில்லை. புல்லுக்கு நடுவே வாழ்ந்துகொண்டு பஞ்சு நாருக்குப் பட்டினி கிடக்கிறது.

கினிப்புல், கிக்கூயு, மாட்டுக்காக நட்ட சீ.ஓ. 3 புல்லின் இளந்தாள் எல்லாம் நல்லவை. முற்றிய தண்டை முயல் ஒதுக்கிவிடும். மண்ணைத் தேற்றுவதற்காகத் தேயிலை மலையில் நடும் மானாப்புல்லின் வாசனை அதற்குப் பிடிக்காது. குவாத்தமாலாப் புல்லில் இளசாக இருப்பதைக் கொடுத்துப் பார்க்கலாம். பல வகையைக் கலந்து கொடுப்பது நல்லது.

எங்கே அறுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். தேயிலை நிரைகளுக்கு நடுவிலும் வடிகால் ஓரத்திலும் அறுக்காதீர்கள். களைநாசினி அடித்த புல் உடனே வாடிவிடாது. சில நாட்கள் பச்சையாகவே நிற்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிளைபோசேட் என்ற களைநாசினியை 2015இல் தடைசெய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதித்தார்கள். எந்த மருந்தாக இருந்தாலும் சரி, எந்த மலையில் எப்போது அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மரக்கறித் தோட்டத்து வரம்புக்கும் இதே எச்சரிக்கை. நாய்கள் மலங்கழிக்கும் இடமும் வேண்டாம், நாயின் நாடாப்புழு முட்டை புல்வழியாக முயலின் ஈரலுக்குப் போகும். பாடசாலை மைதானத்தின் ஒதுக்குப்புறம் உங்களுக்கு வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பனி பட்ட புல்லைத் தின்றால் வயிறு ஊதும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லுவார்கள். பாதி உண்மை. ஈரம் குற்றவாளி இல்லை, குவியல்தான் குற்றவாளி. தேயிலைக் கொழுந்துச் சாக்கை அமுக்கிக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் தாய்மாரைக் கேளுங்கள். அவிழ்த்துக் கையை உள்ளே விட்டால் சுடும், கொழுந்து சிவந்திருக்கும், ஃபெக்டரியில் எடுக்கமாட்டார்கள். காலையில் அறுத்த ஈரப்புல்லைப் பையில் திணித்து மாலைவரை வைத்தாலும் அதே கதைதான். சூடேறிய புல் முயலின் வயிற்றுக்குள் போய் மேலும் நொதித்து வாயுவாகிறது. ஆகவே அறுத்ததும் உதறி, தரையில் மெல்லப் பரப்பி வையுங்கள். கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இளஞ்சூடு தெரிந்தால் அந்தக் கட்டு எருக்குழிக்குப் போகட்டும். புல்வெட்டும் இயந்திரம் நறுக்கித் தள்ளிய தூள் புல்லும் அப்படியே, வெகு விரைவில் சூடேறிவிடும்.

விடாமல் மழை பெய்யும் கிழமைகளுக்காகக் கொஞ்சம் உலர்ந்த புல் கையிருப்பில் இருப்பது நல்லது. உங்கள் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை புல்லைக் காயவைக்க நினைப்பது வீண்வேலை, பூஞ்சணம்தான் மிஞ்சும். பூஞ்சணம் பிடித்த புல் பட்டினியைவிட மோசம். ஆனால் மலையின் மறுபக்கத்தில் அதே மாதங்களில் கச்சான் காற்று வீசி எல்லாம் காய்ந்து கிடக்கும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஒரு சாக்குப் புல் காயவைத்துத் தரச் சொல்லுங்கள். கலியாண வீட்டுக்குப் போய்வரும்போது கொண்டுவந்துவிடலாம். இல்லையென்றால் உங்கள் ஊரிலேயே ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் கிடைக்கும். பூக்குமுன் அறுத்து, பனி உலர்ந்த பிறகு படங்கில் மெல்லிதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு மூன்று முறை புரட்டிவிடுங்கள். பிடி புல்லை முறுக்கினால் ஒடிய வேண்டும். பச்சை நிறம் முழுதும் போகாமலும், மணம் இனிப்பாகவும் இருக்க வேண்டும். கீழ்நாட்டு வைக்கோலில் சத்து அதிகம் இல்லை. கூட்டில் விரிக்கலாம், அதில் கொஞ்சத்தை முயல் கொறித்தால் கேடில்லை.

மரக்கறிக்கு வருவோம். நுவரெலியா மரக்கறியால் நம்மவர்களுக்கு ஒரு மனக்கோலம் உண்டு: முயல் என்றால் கரட். படக்கதை முயலின் உணவு அது. கரட் கிழங்கில் சீனி அதிகம். பெருவிரலின் மேல் கணு அளவு, கிழமைக்கு இரண்டு முறை, அதுவும் மகள் கையால் கொடுக்கும் பரிசாக இருக்கட்டும். நாம் கடையில் முறித்துப் போடச் சொல்லும் கரட் தழை இருக்கிறதே, அதுதான் முயலுக்கு உரியது. கொத்தமல்லித் தழை, புதினா, முள்ளங்கி இலை, வல்லாரை, பொன்னாங்காணி, கரும்பச்சைச் சலாது ஆகியவற்றில் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி, நாளுக்கு இரண்டு கைப்பிடி கொடுங்கள். நன்றாகக் கழுவுங்கள், இங்கே தோட்டக்காரர்கள் மருந்தடிப்பதில் சிக்கனம் பார்ப்பதில்லை. முருங்கை இலையில் சுண்ணாம்புச் சத்து அதிகம், கொஞ்சமாக எப்போதாவது. கோவா சில முயல்களுக்கு வாயுவை உண்டாக்கும். பஞ்சுவின் வயிறு தேறும்வரை அதை நிறுத்திவிடுங்கள்.

ஒருபோதும் கொடுக்கக் கூடாதவை: லீக்ஸ், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இலையும் முளையும், தக்காளி இலை, பட்டர் புருட்டின் இலையும் பழமும், ஊமத்தை, அரளி, நாயுண்ணி, பற்றைக்காட்டுப் பன்னச் செடி. தேயிலைக் கொழுந்தும் வேண்டாம். லீக்ஸை மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் சந்தையில் அதன் பச்சை நுனி சும்மா கிடைக்கும், பச்சையாக இருப்பதால் நல்லதென்று முயல் கூட்டுக்குள் போய்விடும்.

மாமியார் சொன்ன தண்ணீர் விஷயம். அவர் மட்டுமில்லை, இலங்கை முழுக்க இந்த நம்பிக்கை இருக்கிறது. கல்வி அதிகாரிகள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். காட்டு முயல் குடிப்பதை யாரும் கண்டதில்லை, அது ஈரப்புல்லிலேயே பாதித் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறது என்பதால் வந்திருக்கலாம். தண்ணீர் சிந்தி நனைந்த கூட்டில் குட்டிகள் கழிச்சலில் செத்ததைப் பார்த்த முன்னோர் தண்ணீரைப் பழித்திருக்கவும் கூடும். அது ஈரத்தில் பெருகும் கொக்சிடியாக் கிருமியின் வேலை. 2 கிலோ முயலுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 300 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும். உலர்ந்த கோழித்தீனைத் தின்று தண்ணீரில்லாமல் பஞ்சு ஓர் ஆண்டு தாங்கியது கரட்டும் கோவாவும் கொடுத்த ஈரத்தால்தான். குடல் உள்ளடக்கம் காய்ந்தால் நகராது, அவ்வளவுதான் கணக்கு. கவிழாத கனமான மண்சட்டியில் வையுங்கள். மாமியாரோடு வாதாட வேண்டாம். ஒரு கிழமை தண்ணீர் வைத்துவிட்டு, புழுக்கை பெரிதானதை அவரிடம் காட்டுங்கள்.

இப்போது, உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன, என்னை மிகவும் பயமுறுத்திய செய்தி: ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் மூலையில் குந்தியிருந்தது.

நான் வேலைக்கு வந்த முதல் வருடம். ஒரு சனிக்கிழமை மாலை, பன்னிரண்டு வயதிருக்கும் பையன் ஒருவன் முயலை ஜேர்சிக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். காலையிலிருந்து தின்னவில்லை என்றான். கழிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. காது மட்டும் குளிர்ந்திருந்தது. எனக்கு அன்று கன்று ஈனமுடியாத பசு ஒன்று மேற்பிரிவில் காத்திருந்தது. பல்கலைக்கழகத்தில் நான் படித்ததெல்லாம் பெரும்பாலும் மாடுதானே; மாடு ஒரு நாள் தின்னாவிட்டால் வானம் இடிந்து விழாது. அலுவலகத்தில் கிடந்த பால்மாப் பெட்டியில் முயலை வைத்து, சூடாக வைத்திரு, திங்கட்கிழமை பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை காலை அவன் வந்தான். பெட்டியைத் திருப்பித் தர வந்திருந்தான்.

முயலின் குடல் நின்றுவிடக் கூடாது. நின்றால் உள்ளே உள்ளது காய்கிறது, வாயு சேர்கிறது, வாயுவால் வலி, வலியால் மேலும் தின்னாமை. முயலுக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. பட்டினி நீண்டால் ஈரலில் கொழுப்பு படியும். ஆகவே இதை வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்: 12 மணி நேரம் தின்னவில்லை, அல்லது புழுக்கை போடவில்லை என்றால் அது அவசர நிலை. இரவில் பார்த்தால் விடியும்வரை மட்டும் பொறுக்கலாம், அடுத்த நாள் மாலைவரை அல்ல. முதுகைக் கூனி உட்காருதல், பல்லை நறநறவெனக் கடித்தல், காது குளிர்தல், பிடித்த தழையை மூக்கருகே நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் எல்லாம் வலியின் அடையாளங்கள். முயல் லேசில் கத்தாது, காட்டில் கத்தினால் நரிக்குத் தெரிந்துவிடும் என்று அதன் இரத்தத்தில் எழுதியிருக்கிறது. குதவழி வெப்பநிலை 38 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் நிலைமை மோசம்.

வைத்தியரிடம் போகும்வரை சுடுதண்ணீர் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். முயல் விலகிப்போக இடம் விடுங்கள். வயிறு மென்மையாக இருந்தால் ஊசியில்லாச் சிரிஞ்சினால் கடைவாயோரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடலாம். வயிறு தட்டினால் பறை போல இறுகியிருந்தால் வாயில் ஒன்றும் வைக்காதீர்கள். அது அடைப்பாக இருக்கலாம், ஒவ்வொரு மணி நேரமும் பெறுமதியானது. கைக்குழந்தைகளுக்கான வாயுச் சொட்டு தீங்கு செய்யாது, ஆனால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். பரசிட்டமோல், ஓமத்தண்ணீர், இஞ்சிச்சாறு, சோடா எதுவும் வேண்டாம். நாங்கள் செய்வது தோலுக்கடியில் சேலைன், வலிநிவாரணி, அடைப்பு இல்லை என்று உறுதியானபின் குடலை நகர்த்தும் மருந்து, நார் நிறைந்த கூழ். நேரத்தோடு வந்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு இப்போதே ஒருமுறை தொலைபேசியில் பேசி, முயல் பார்ப்பார்களா, வார இறுதியில் யாரிடம் போவது என்று கேட்டு எழுதி வையுங்கள். சிக்கலான நிலைக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. உங்கள் பக்கத்திலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி என்று வளைந்து வளைந்து அரை நாள் பயணம். அதனால்தான் தாமதிக்க வேண்டாம் என்கிறேன்.

இவ்வளவையும் நாளைக்கே மாற்றிவிடாதீர்கள். குருட்டுக்குடலின் நுண்ணுயிர்களுக்குப் புது உணவைப் பழக நாள் வேண்டும். பாணும் பிஸ்கட்டும் மட்டும் இன்றோடு நிற்கட்டும், அதற்குப் பேச்சே இல்லை. தண்ணீரும் இன்றே. கோழித்தீனை முதல் கிழமை பாதியாக்கி, இரண்டாம் கிழமை கால்வாசியாக்கி, மூன்றாம் கிழமை நிறுத்துங்கள். புல்லை முதல் நாள் இரண்டு கைப்பிடியில் தொடங்கி ஒரு கிழமைக்குள் குவியலாக்கிவிடுங்கள். கரட் கிழங்கு மூன்று கிழமைக்கு வேண்டாம். தழை வகைகளை அதன் பிறகு ஒவ்வொன்றாக, மூன்று நாள் இடைவெளி விட்டுச் சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும். முயல் தீன் வில்லை கிடைத்தால் நாளுக்கு 30 முதல் 40 கிராம் போதும்; கிடைக்காவிட்டால் நல்ல புல்லும் தழையும் தின்னும் வளர்ந்த முயலுக்கு அது இல்லாமலும் நடக்கும். ஞாயிறுதோறும் கடைத்தராசில் நிறுத்து மகளின் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். இந்த நாட்களில் ஒரு வேளை உணவை மறுத்தாலும், பசி வந்தால் தின்னும் என்று விட்டுவிடக் கூடாது. நாய்க்குப் பொருந்தும் அந்தப் பிடிவாதம் முயலிடம் வேலைக்காகாது. தீனைக் குறைத்ததை ஒரு படி பின்னே கொண்டுபோங்கள். மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் அறைக்குள் ஓடவிடுங்கள். கால் ஓடினால் குடலும் ஓடும்.

பூச்சி மருந்தை ஊகத்தில் கொடுக்க மாட்டேன். ஒரு மூடியுள்ள சிறு போத்தலில் காலைப் புழுக்கை பத்தும், பின்பக்கத்தில் ஒட்டிய களியில் கொஞ்சமும் எடுத்துக்கொண்டு அடுத்த கிழமைக்குள் அலுவலகத்துக்குப் போங்கள். நுண்நோக்கியில் பார்த்து, தேவையென்றால் தருவார்கள். பஞ்சுவையும் கொண்டுபோனால் கடைவாய்ப் பற்களையும் பார்த்துவிடலாம். காற்றோட்டமான பெட்டியில், அடியில் ஒரு கைப்பிடி புல்லோடு வையுங்கள். பஸ் வளைவுகளில் ஆடினாலும் தின்றுகொண்டே வரட்டும்.